துக்கமணி

கொட்டுகிற மழையில் துக்கமணி அடித்தது. ஒரு அடி, நீண்ட இடைவெளி, மறுபடியும் ஒரு அடி.

றக்வானைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இந்த மணிக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. வேதக்காரரானாலும் சரி, கோயிலுக்குப் போகிறவரானாலும் சரி, செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுச் சர்ச் வாசலுக்கு வந்துவிட வேண்டும். எல்லோரும் கூடிய பிறகுதான் செத்தவர் பெயரை உபதேசியார் சொல்லுவார். வராதவர் வீட்டுச் சாவுக்கு ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காது.

அன்றைக்கு மழையால் வேலை இல்லை. லயம் என்கிற வரிசை வீடுகளின் காம்பராக்களில் முடங்கிக் கிடந்த சனமெல்லாம் தலையில் சாக்கும் பொலித்தீனும் போட்டுக்கொண்டு எதிர்மேட்டுச் சர்ச்சுக்கு ஓடி வந்தது.

"யாருங்க போயிட்டது? படுத்த படுக்கையா கெடந்துச்சே, நம்ம மருதாயிக்காவா?"

"வாயக் கழுவுங்க. அந்தா, மகன் முதுகுல வருது பாருங்க!"

மகன் மதுசன் முதுகில் உப்புமூட்டையாக வந்த மருதாயி காதில் அது விழுந்துவிட்டது. "என்னையா சாவடிக்கிறீங்க? ஒங்களையெல்லாம் அனுப்பிட்டுத்தான்டி நான் போவேன்!" என்று மகன் தோளுக்கு மேலிருந்தே கத்தினாள். வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

 உபதேசியார் செல்லையா தொப்பலாக நனைந்த சட்டையோடு மணிக்கயிற்றை இழுத்துக்கொண்டே நின்றார். பாதையில் ஏறி வருகிற ஒவ்வொரு தலையையும் அவர் கண் தேடித் தேடிப் பார்த்தது. 

"கோகிலா அக்காவக் காணலையே" என்றாள் தனுஜா, கைக்குழந்தையை முந்தானைக்குள் மறைத்தபடி. "மணிச் சத்தம் கேட்டா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு மொத ஆளா ஓடியாருவாங்களே?"

கோகிலா செல்லையாவின் மனைவி. கீழ் லயத்துக் கடைசிக் காம்பராவில் அவர்கள் குடியிருந்தார்கள். சபையில் மாதர் சங்கத் தலைவி. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பிரேதத்தைக் குளிப்பாட்டுவது அவள்தான்.

"அடிக்கிறதே அவங்க வீட்டுக்காரருதானே. யாருன்னு தெரிஞ்சிருக்கும். நேரா செத்த வீட்டுக்குப் போயிருப்பாங்க" என்றான் மதுசன்.

தனுஜா தலையாட்டினாள். ஆனால் எது செத்த வீடு? எல்லாக் காம்பரா ஆட்களும் இங்கேதானே நனைந்துகொண்டு நிற்கிறார்கள்!

சபை மூப்பர் இந்திரகுமாருக்குப் பொறுமை போய்விட்டது. எட்டிக் கயிற்றைப் பிடித்து நிறுத்தினார்.

"போதும் உபதேசியாரே! எல்லா சனமும் வந்தாச்சு. சொல்லுங்க, யாரு செத்தது?"

செல்லையாவுக்கு மூச்சு வாங்கியது. "யாரும் சாகல" என்றார்.

கையை நீட்டி எதிரே லயத்துப் பக்கம் காட்டினார்.

"லயத்துக்கு மேல மலை வெடிச்சிருக்கு. காலையில வெடிப்புல கைய விட்டுப் பாத்தேன், முழங்கை வரைக்கும் போகுது. கிராமசேவகர் மாத்தயா வந்து எறங்கிப் போகச் சொன்னாரு, நீங்க கேக்கல. நான் காம்பரா காம்பராவா வந்து கெஞ்சினேன், அதுவும் கேக்கல. இந்த ஒரு மணிக்குத்தான் நீங்க வருவீங்க. அதான் அடிச்சேன்."

"துக்கமணியில வெளையாட்டா?" இந்திரகுமார் குதித்தார். "போன மழைக்கும் இப்படித்தான் சொல்லி ஸ்கூல்ல கொண்டுபோய்ப் படுக்க வச்சாங்க. மலை அசைஞ்சுதா? எங்க கோழிங்கதான் களவு போச்சு!"

"அடுப்புல சோறு கொதிக்குது, அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன். மனுசனா நீங்க?" தனுஜாவும் அழுகிற குரலில் ஏசினாள்.

செல்லையா ஓடிப்போய்ப் சர்ச் வாசல் படலை மறித்து இரண்டு கையையும் விரித்தார். "என்ன வேணா ஏசுங்க. மழை விடுற வரைக்கும் ஒருத்தரும் எறங்கக் கூடாது. கெஞ்சிக் கேக்குறேன்." சொல்லும்போதே தோளுக்கு மேலே திரும்பிப் பாதையைப் பார்த்துக்கொண்டார். பாதையில் யாரும் இல்லை.

"ஒதுங்குங்க" என்று அவரைத் தள்ளிவிட்டு இந்திரகுமார் முதல் படியில் கால் வைத்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எதிர் மலை உச்சியில் நின்ற சவுக்கு மரங்கள் நின்ற நிலையிலேயே கீழே நகர்ந்து வந்தன. மேல் லயத்துத் தகரங்கள் மடங்கின, பிறகு கீழ் லயம். கண்ணைக் கசக்கிப் பார்த்தபோது அங்கே செம்மண்ணைத் தவிர ஒன்றுமே இல்லை.

"அனே கடவுளே!" என்று மருதாயி தலையில் அடித்துக்கொண்டாள். இந்திரகுமார் படியிலேயே விழுந்து செல்லையாவின் காலைப் பிடித்தார். "மன்னிச்சிருங்கய்யா. எங்க அத்தன உசுரையும் காப்பாத்திட்டீங்க." தனுஜா குழந்தையை அவர் கையருகே கொண்டுபோய்த் தேம்பினாள்.

செல்லையாவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. காலை உதறிக்கொண்டு சேற்றுப் பாதையில் இறங்கி ஓடினார். மதுசனும் இன்னும் சிலரும் துரத்திப் போய் இழுத்துப் பிடித்தார்கள்.

"எங்கய்யா ஓடுறீங்க? எல்லாரும்தான் வந்துட்டோமே!"

"சோத்த வடிச்சிட்டு வாறேன், நீங்க போங்கன்னா..." செல்லையா செம்மண்ணைப் பார்த்தபடி மண்டியிட்டார்.

"நெஞ்சு தாங்காதேன்னு கோகிலாகிட்ட மட்டும் சொல்லிட்டு வந்தேன்டா, இது பொய் மணின்னு!"