இழுத்த மூச்சு

ஞானதுரையின் இசைக்குழுவில் யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணித் தொடங்குவதில்லை. அவர் மூச்சை இழுத்தால் மற்ற மூவரும் கையைத் தூக்குவார்கள். சாக்ஸபோனில் ஊதியதும் சேர்ந்து இறங்குவார்கள். புது ஆல்பத்தில் அந்த மூச்சுச் சத்தம் அவருக்கு உறுத்தியது. நீக்கச் சொன்னார். ஒலிப்பதிவாளன் நீக்கிய மூச்சுகளையெல்லாம் கோத்துப் போட்டுக் காட்டினான். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு இழுத்த நீளமான மூச்சு ஒன்றும் அதில் இருந்தது.

"இதுக்கப்புறம் என்ன வாசிச்சோம்?"

"எங்க வாசிச்சோம்?" என்றாள் டிரம்ஸ் வாசிக்கும் ரெஜினா. "குச்சியத் தூக்கிட்டுக் காத்திருந்தோம். நீங்க சாக்ஸபோனப் பெட்டியில வச்சு மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க."

அவருக்கு நினைவே இல்லை.

"இன்னொரு தடவ போடு."

மூச்சு உள்ளே போனது. ரெஜினாவின் வெறுங்கைகள் தாமாக உயர்ந்தன. அவள் அவரையே பார்த்திருக்க, அவை அங்கேயே நின்றன.