அழ ஓர் இடம்

தீவில், டெய்ரி ஃபார்ம் பகுதியிலுள்ள வீட்டின் தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. வரிசையாக உட்கார்ந்திருக்கும் பதினோரு பேருக்கும் தனக்கோடி சோறு போட்டுக்கொண்டு வருகிறாள். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து நனைந்து வந்த கணவன் வாசற்படியிலேயே நிற்கிறான். "கப்பல்ல நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வந்திருக்காரு. உங்கம்மா போயிட்டாங்களாம். காரியமெல்லாம் முடிஞ்சிடுச்சாம்." அவள் கை ஒரு கணம் நிற்கிறது, பிறகு மாமனாரின் தட்டில் சோற்றை வைக்கிறது. ஓரகத்தி ருக்கு கரண்டியை வாங்கிக்கொள்கிறாள். "போங்கக்கா. போய் அழுதுட்டு வாங்க." எங்கே போவது? கூடத்தில் பந்தி, உள்ளறையில் ருக்குவின் தூளிப் பிள்ளை. கொல்லையிலுள்ள விறகுக் கொட்டகைக்குப் போய் ஈரக் கட்டைகளின் மேல் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்துகிறாள். அழுகை வரவில்லை. அடுப்பில் பால் இருப்பதுதான் நினைவுக்கு வருகிறது. எழுந்திருக்கிறாள். உள்ளே அவளுடைய கடைக்குட்டி கத்துகிறான். "அம்மா, ஜல்தி வா! குழம்பு!"

"அம்மா வரமாட்டாங்கடா," என்கிறாள் ருக்கு. "நான் ஊத்தறேன், சாப்பிடு."

எழுந்தவள் அப்படியே விறகின்மேல் சரிகிறாள். அவள் குரல் வீட்டுக்குள் கேட்காதபடி மழை அடித்துப் பெய்கிறது.