தனியாக வந்தவர்

"தனியா வந்தா உள்ள விட மாட்டோமுங்க. போர்டுல போட்டிருக்குது பாருங்க."

சுகுணா விறைப்பாகச் சொன்னாள். கோத்தகிரிக்கு மேலே இருக்கும் அந்தக் காட்சிமுனையில் அவள் காவலுக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. விசில் நன்றாக ஊதுவாள். ஆளை எடை போடத்தான் இன்னும் வரவில்லை.

எதிரே நின்ற பொன்னுத்துரைக்கு அறுபது வயது இருக்கும். சாயம் போன ஸ்வெட்டர், மங்கி குல்லா. பையில்லாமல், துணையில்லாமல் வருகிறவர்களைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அது நினைவுக்கு வந்ததும் அவள் பயந்துபோய்க் கேட்டை மறித்து நின்றாள்.

"அஞ்சே நிமிசம் தாயி. அந்தக் கம்பி ஓரத்துல நின்னுட்டு வந்துர்றேன்."

"ஏனுங்க, அந்தக் கம்பிகிட்டத்தான் விடக் கூடாதுங்கறாங்க. தற்கொலையைத் தடுக்கறதுக்குன்னே கொண்டாந்த சட்டமுங்க இது. ஆறு மாசமா இருக்குது."

அதற்குள் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று மக்காச்சோளத்தைக் கடித்துக்கொண்டே வந்து நின்றது. சுகுணா கேட்டைத் திறக்கப் போனாள். தாழ்ப்பாள் வழக்கம்போல மக்கர் செய்தது.

"லேசா மேல தூக்கி, அப்புறம் இழு தாயி" என்றார் பொன்னுத்துரை.

சட்டென்று திறந்துகொண்டது. ஒன்பது நாளாக அந்தத் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டியவளுக்கு ஆச்சரியம். குடும்பம் உள்ளே போக, அவர்களோடு அவரும் நைசாக ஒரு காலை எடுத்து வைத்தார்.

விசில் பறந்தது. "ஏனுங்க, இவரு உங்ககூட வந்தவருங்களா?"

"இல்லைங்களே, யாருன்னே தெரியாது" என்றார் குடும்பத் தலைவர்.

பொன்னுத்துரை அசடு வழியப் பின்வாங்கினார். கண் மட்டும் அவளைத் தாண்டி, பனிக்குள் தெரிந்தும் தெரியாமலும் இருந்த கம்பி வேலியிலேயே நின்றது. பசித்தவன் இலையைப் பார்க்கிற பார்வை. சுகுணாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் கேட்டைச் சாத்திவிட்டாள்.

"சரி, மூணாவது விதி என்னா சொல்லுது?"

"மூணாவதுங்களா..." சுகுணா திருதிருவென்று விழித்தாள்.

"தனியா வர்றவங்க வீட்டு நம்பரை வாங்கிப் பேசணும். வீட்டு ஆளு சரின்னு சொன்னா, நீயே கூடப் போய்க் கூட்டிட்டு வரணும்."

காவலுக்கு நிற்பவளுக்கே மறந்துபோன விதி இவருக்கு எப்படித் தெரியும்? எப்படியாவது உள்ளே போய்விட வேண்டும் என்றுதான் சட்டத்தையே கரைத்துக் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தாள். பயம் இன்னும் கூடியது.

"ஊட்டுல யாரு இருக்காங்க?"

"எம் பொண்ணு நம்பர் தர்றேன். சுமலதான்னு பேரு."

எண்ணை மனப்பாடமாக ஒப்பித்தார். சுகுணா அழுத்தினாள். மணி அடித்தது, அவருடைய ஸ்வெட்டருக்குள்.

"என்னங்கய்யா, என்னையவே ஏமாத்தறீங்களா?"

அவர் கண்ணாடி கீறிய பழைய போன் ஒன்றை வெளியே எடுத்து, அது அடித்து ஓயும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாச்சு. நாலு வருசமா ரீசார்ஜ் பண்ணி வச்சிருக்கேன். யாரும்தான் கூப்பிடறதில்ல."

சுகுணாவின் கை போனோடு அப்படியே இறங்கியது.

"இங்கதானுங்களா?"

தலையசைத்தார். "இன்னையோட நாலு வருசம். அவ கடைசியா நின்ன எடத்துல ஒருக்கா நிக்கணும்னு கெடந்து தவிக்கிறேன். ஆனா என்னை உள்ள விட்றாத தாயி. யாரையுமே விட்றாத. இந்தச் சட்டத்துக்காக நானும் ஆபீஸ் ஆபீஸா ஏறி மனு குடுத்தவன்தான்."

"விடவே மாட்டேனுங்க." அவள் தன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். பிளாஸ்க்கில் இருந்த டீயை ஊற்றிக் கையில் கொடுத்தாள். "இனி இந்த நம்பருக்கு நான் தினமும் கூப்பிடுவேன். எடுத்துப் பேசோணும், ஆமா."

அவர் டீயை உறிஞ்சுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அன்னிக்கும் இந்தக் கேட்டுல ஒருத்தன் நின்னிருப்பானில்லீங்க? தனியா வந்த பொம்பளப்புள்ளய என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்காம விட்டிருக்கானே, அவனெல்லாம் ஒரு மனுசனா? யாருங்க அவன்?"

பொன்னுத்துரை டீயைக் கீழே வைத்தார். எழுந்துபோய், கேட் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்குச் சோறு கொண்டாந்தா. 'அப்பா, அஞ்சே நிமிசம் உள்ள நின்னுட்டு வந்துர்றேன்'னா. எம் புள்ளதானேன்னு நான்தான் தாயி தெறந்து விட்டேன்."