ஏழாவது வளைவுச் சுவர்

ஊர்த் தெருக்களை அடைத்து வருஷாவருஷம் கார் பந்தயம் நடக்கும். ஏழாவது வளைவில் ஒரு பழைய சுவர் நின்றது.

அந்த வருஷம் புதிதாக வந்த நீலக் கார், முதல் சுற்றில் அதைக் கடக்கும்போது முணுமுணுத்தது. "முந்தவே இடமில்லாத இந்தச் சந்தில் இன்னும் எதற்குப் பந்தயம்?"

"போன வருஷம் ஒரு சிவப்புக் காரும் இதையேதான் கேட்டது" என்றது சுவர்.

அடுத்த சுற்றில் கார் கேட்டது. "அது இப்போது எங்கே?"

"கொஞ்சம் ஒட்டி வா, சொல்கிறேன்."

சுவரை ஒட்ட ஒட்ட வேகம் கூடியது. கூட்டம் கைதட்டியது. கடைசிச் சுற்றில் சுவரெங்கும் நீலப் பெயின்ட் அப்பிக் கிடந்தது.

மறுவருஷம் அதன்மேல் வெள்ளையடித்தார்கள். புதிதாக வந்த மஞ்சள் கார் அதே கேள்வியைக் கேட்டது.

சுவர் வாயைத் திறக்கவில்லை. வெள்ளைக்கு அடியிலிருந்து நீலக் கார்தான் பேசியது.

"கொஞ்சம் ஒட்டி வா, சொல்கிறேன்."