பின் கதவு

கார்க் கதவின் உட்பக்கத்தில் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தை அவள் விரல்கள் தேடின.

தோல்தான் இருந்தது. பழுப்புத் தோல். மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டு.

“தெறந்து பாரு” என்றான் சபாபதி, வெளியே நின்றபடி.

எதைப் பிடித்துத் திறப்பது என்று அவள் கேட்கவில்லை. உள்ளங்கையால் தள்ளினாள். கதவு அசையவில்லை. கண்ணாடியை இறக்கவும் எதுவும் இல்லை.

“நல்லாத் தள்ளு மேகலா.”

தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

கணவனின் முகத்தில் ஒரு நிறைவு வந்தது. முன்பக்கமாகக் குனிந்து ஸ்டீயரிங்குக்கு அடியில் எதையோ அமுக்கினான். கதவுக்குள் டக்கென்று ஒரு சத்தம். பிறகு வெளியிலிருந்து அவனே திறந்துவிட்டான்.

“பாத்தியா. நான் சுவிட்சப் போட்டாத்தான்.”

அவள் தலையாட்டினாள்.

அவர்கள் பிறப்பதற்கு முன்பே ஓடிய கார் அது. வெறும் துருப்பிடித்த கூடாகத்தான் கணபதிப் பகுதியில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு வந்தது. எஞ்சின், வயரிங், இருக்கைகள், கூரைத் துணி எல்லாமே புதிது. ஞாயிற்றுக்கிழமைகளில் சபாபதி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். ஒவ்வொன்றும் அவன் சொன்னபடிதான் நடந்தது.

பின் கதவுகளுக்கு எதற்கு இப்படி ஒரு வயரிங் என்று நண்பர்கள் கேட்டார்கள்.

“குழந்தைங்க இருந்தா சேஃப்டிப்பா” என்றான்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை.

போன வருடம் வரை இருந்த காரில் கைப்பிடி இருந்தது. அவன் அக்கா வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அங்கே யாருடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். குரலை உயர்த்தவில்லை. அவன் எப்போதும் உயர்த்துவதில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டான்.

சிங்காநல்லூரில் வண்டி நின்றபோது அவள் இறங்கிவிட்டாள்.

எங்கே போகிறோம் என்று தெரியாது. நடந்தாள்.

கார் அவள் கூடவே வந்தது. அவள் நடக்கும் வேகத்துக்கு ஊர்ந்து வந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

“ஏறு.”

ஏறினாள்.

அதன்பிறகு அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இந்தக் காரை வாங்கினான்.

“இந்த மாதிரி வண்டில லேடீஸ் பின்னாடி உக்காந்தாத்தான் அழகு” என்றான்.

இருக்கைகளைத் தைத்தவள் ஜெசிந்தா. அவளும் அவள் தம்பியும் சேர்ந்து நடத்தும் பட்டறை. கதவுக்குள் வயர் இழுத்ததும் அவள்தான். சுருட்டிவிட்ட முழுக்கைச் சட்டை, கழுத்தில் தொங்கும் கத்தரி. மேகலா இங்கே வந்தது இதோடு மூன்று முறை. ஒரு முறைகூட இருவரும் தனியாகப் பேசிக்கொண்டதில்லை. என்ன நிறம் வேண்டும் என்று ஜெசிந்தா இவளைக் கேட்டபோதெல்லாம் சபாபதிதான் பதில் சொன்னான். அப்போதும் ஜெசிந்தா அவனைப் பார்க்கவில்லை. இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் காருக்குள் தலையை நீட்டினாள்.

“ஒரு நூல் நிக்குது சார். வெட்டிவிட்டுர்றேன்.”

உள்ளே ஏறி, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, மேகலாவின் காலடியில் மண்டியிட்டாள். ரப்பர் பசையும் புதுத் தோலும் கலந்த வாடை. வெளியே சபாபதி, புது விளக்குகளைப் போட்டும் அணைத்தும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தையல் எப்படி இருக்குன்னு கை வச்சுப் பாருங்கக்கா.”

மேகலாவின் கையைப் பிடித்தாள். இருக்கையின் மேல் வைக்கவில்லை. இருக்கைக்கும் கதவுக்கும் இடையே, கீழே, இருட்டான சந்துக்குள் கொண்டுபோனாள்.

அங்கே ஒரு வார் இருந்தது. இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வளைத்துத் தைத்த வார்.

விரல்கள் நுழைந்தன.

மேகலா லேசாக இழுத்தாள். கதவுக்குள் பூட்டின் நாக்கு நகர்வது முழங்காலில் தெரிந்தது. ஜெசிந்தாவின் கை அவள் கையை அந்த இடத்திலேயே அழுத்தி நிறுத்தியது.

“கெட்டித் தையல்க்கா. எவ்வளவு இழுத்தாலும் பிஞ்சு வராது.”

“என்னம்மா, முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார்.”

இல்லாத நூலை வெட்டிவிட்டு ஜெசிந்தா இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு மூடியது. டக்.

வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். எஞ்சின் சத்தத்தைக் கேள் என்றான். எல்லாரும் நம்மையே பார்க்கிறார்கள் பார் என்றான். உண்மைதான். பைக்கில் வந்த ஒருவன் காரைப் படம் பிடித்தான். படத்தில் அவளும் விழுந்திருப்பாள். பழுப்புத் தோலுக்கு நடுவில், நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு பெண்.

“அந்தப் பொம்பள உங்கிட்ட என்ன பேசுனா?”

“தையலப் பத்தி.”

“தையலப் பத்தி என்ன?”

அவள் பதில் சொல்வதற்குள் ரயில்வே கேட் வந்துவிட்டது. மூடியிருந்தது.

முன்னால் ஒரு செங்கல் லாரி. பின்னால் டவுன் பஸ் ஒன்று வந்து ஒட்டி நின்றது. வலப்பக்கம் பைக்குகள் சந்து விடாமல் நுழைந்து நெருக்கின. ஒருவனுடைய ஹேண்டில் சபாபதியின் கதவை உரசியது. கண்ணாடியை இறக்கி அவனைத் திட்டினான். திறந்து இறங்கப் பார்த்தான். கதவைத் திறக்க இடமில்லை.

இடப்பக்கம், அவள் கதவுக்கு வெளியே, மண்பாதை. ஆளில்லை.

“சொல்லு. தையலப் பத்தி என்ன?”

புதுக் கார்ப்பெட் என்று அவள் செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தான். ஒரு செய்தித்தாளின் மேல் அவை கிடந்தன.

ரயில் வரும் சத்தம் கேட்டது.

காலால் துழாவி, ஒரு செருப்பை மாட்டினாள். பிறகு மற்றதை.