கிளி போட்ட தூக்குப்போசி

"ஏனுங்க சார், என்ற ஊட்டுல களவு போயிருச்சுங்க!"

போலீஸ் ஸ்டேஷன் படி ஏறும்போதே தெய்வாத்தாள் சொல்லிவிட்டாள். பின்னால், பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி அவள் கணவர் ரங்கராஜ் வந்தார்.

இன்ஸ்பெக்டர் சுந்தரராஜுலு நிமிர்ந்து உட்கார்ந்தார். "உக்காருங்கம்மணி. நகைங்களா, பணமுங்களா?"

"அதெல்லாம் வெச்ச எடத்துலயே இருக்குதுங்க. இவரு சோறு கொண்டுபோற கிளி போட்ட தூக்குப்போசி, மயில் போட்ட முறம், தாமரை போட்ட பக்கெட்டு, ரெண்டு குடம், ஒரு முக்காலி... மொத்தம் பதினோரு உருப்படிங்க. அத்தனையும் நானே பெயிண்ட் பண்ணுனதுங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "பெயிண்டுங்களா?"

"துடியலூர்ல சனிக்கெழம சனிக்கெழம கிளாஸுங்க. உம்மல் குல்சும் டீச்சர் சொல்லிக் குடுக்கறாங்க. ஊட்டுல கெடக்கற சாமானும் ஒரு டப்பா எனாமல் பெயிண்ட்டும் இருந்தாப் போதும், ஆரு வேண்ணாலும் போடலாமுங்க. பள்ளிக்கூடத்துல நான் மாங்கா வரைஞ்சா, கத்திரிக்காய எதுக்கு வரைஞ்சேன்னு வாத்தியாரு அடிப்பாருங்க. இப்ப நான் போட்ட கிளிய எல்லாருமே கிளின்னுதானுங்க சொல்றாங்க!" தெய்வாத்தாள் நாற்காலியை மேஜைக்குப் பக்கம் இழுத்துப் போட்டாள். "வர்ற ஞாயித்துக்கெழம எக்ஸிபிஷனுங்க. அதுக்குள்ள கண்டுபுடிச்சுக் குடுங்க சார்."

திருடர் அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

ரங்கராஜையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. பம்ப்செட் கம்பெனியில் சூப்பர்வைசர். 1995-ல் கோயமுத்தூரில் ஹெல்மெட் போடுகிறவர்களே அபூர்வம். செம்பருத்தி பூத்த ஹெல்மெட்டோடு ஸ்கூட்டர் ஓட்டியவர் இவர் ஒருவர்தான். அதையும் பொறுத்துக்கொண்டார். போன வாரம் ஈரம் காயாத முக்காலியில் தெரியாமல் உட்கார்ந்து, வெள்ளைப் பேண்ட்டின் பின்பக்கம் முழுசாக ஒரு சூரியகாந்தியோடு முதலாளி முன்னால் போய் நின்றார். சனிக்கிழமை அவள் கிளாஸுக்குக் கிளம்பியதும், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்ப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டார். போலீஸ் வரைக்கும் வருவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"அம்மணி, நீங்க அக்கட்டால ரைட்டர்கிட்டப் போயி ஒவ்வொரு சாமானா எழுதிக் குடுங்க. கலரையும் சேத்து எழுதுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் போனதும் எழுந்து கதவைச் சாத்தினார். புகார்ப் புத்தகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார்.

"சொல்லுங்க. எப்ப எடுத்தீங்க?"

"சார், நானு..."

"நகைய உட்டுப்போட்டு மொறத்தைத் தூக்கிட்டுப் போற திருடன என்ற சர்வீஸ்ல நான் பாத்ததில்லீங்க. எப்ப எடுத்தீங்க?"

மரியாதையாகத்தான் கேட்டார். ரங்கராஜ் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சனிக்கெழம மூணு மணிக்குங்க."

"கிளாஸ் முடிய எத்தனை மணியாகும்?"

"அஞ்சுங்க."

"ரெண்டு மணி நேரம்" என்று எழுதிக்கொண்டார். "எதுல கட்டுனீங்க?"

"கோணிச்சாக்குலீங்க. சத்தம் வராம இருக்க, போசிக்குள்ள பழைய துணியத் திணிச்சுப்போட்டேனுங்க."

இன்ஸ்பெக்டர் 'பழைய துணி' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். "அக்கம்பக்கத்துல ஆரும் கேக்கலீங்களா?"

"மாட்டுக்குத் தவுடுன்னு சொன்னேனுங்க."

"மாடு இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

இன்ஸ்பெக்டர் 'தவுடு' என்று எழுதியிருந்ததை அடித்தார். "எந்தக் கடை?"

"சோமனூர் போற ரோட்டுல சுப்பையன் கடைங்க."

"இத்தனை பூவும் கிளியும் பாத்து அவரு ஒண்ணுமே கேக்கலீங்களா?"

"ஆளையே நிமுந்து பாக்கலீங்க. தராசத்தான் பாத்தாரு."

அதையும் எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டார். ரங்கராஜ் நோட்டை எட்டிப் பார்த்தார். வட்டம் என்றால் ஆறு மாதமா, ஒரு வருடமா என்று தெரியவில்லை.

"சார், என்னைய லாக்கப்புல வெச்சாலும் பரவால்லீங்க. அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. மூணு நாளா அவ ஒரு வாய் சோறு திங்கலீங்க. ஊடே வெறிச்சுனு கெடக்குது. சொன்னா நம்பமாட்டீங்க, சாப்பாட்டு நேரத்துல அந்தக் கிளியில்லாம எனக்கே என்னமோ மாதிரி இருக்குதுங்க." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "கடைக்காரரு இன்னும் வெச்சிருப்பாருங்களா?"

"நேத்து எட்டிப் பாத்தேனுங்க. மூலையில அப்படியே கெடக்குது."

"அப்பறம் என்னங்க? இப்பவே போயி வாங்கிட்டு வாங்க. போலீஸ் கண்டுபுடிச்சுக் குடுத்ததாவே இருக்கட்டும். கம்ப்ளெயிண்ட்ட நான் பாத்துக்கறேன்."

ரங்கராஜுக்குக் காலில் விழலாம் போலிருந்தது. கும்பிட்டுவிட்டுக் கதவுப் பக்கம் பாய்ந்தார்.

"சித்த நில்லுங்க."

சுந்தரராஜுலு ஜன்னல் வழியாக வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு, தன் லத்தியை வெளியே இழுத்தார். அடியிலிருந்து நுனி வரை அதில் மல்லிகைக் கொடி படர்ந்திருந்தது. பிடியில் மஞ்சளாக இரண்டு வாத்துகள் நீந்தின.

"என்ற ஊட்டுக்காரியும் அதே கிளாஸுதானுங்க," என்றார் இன்ஸ்பெக்டர், குரலைத் தாழ்த்தி. "அந்தக் கடைக்குப் போறதுதான் போறீங்க, இதையும் ஒரு சாக்குல சுத்திக் கொண்டுபோயி அங்க போட்டுட்டு வந்துருங்க."