அம்மாவுக்கு எண்பத்திநாலு

"அப்பா, டிவியை ஆஃப் பண்ணுங்க. ரிசல்ட் வந்திருச்சு."

"யாரு ஜெயிச்சா?"ன்னார் அப்பா, கண்ணைத் திருப்பாம.

"நீங்கதான்!"

மகள் சைக்காலஜி ரெண்டாம் வருஷம். மனுஷ மனசைப் படிக்கலாம்னு ஆசையா சேர்ந்தா, முதல் நாளே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புத்தகத்தைக் கையில திணிச்சுட்டாங்க. கணக்குக்குப் பயந்து ஓடி வந்தவளை, கணக்கு பின்வாசல் வழியா வந்து பிடிச்சிருச்சு.

இப்போ ஒரு அசைன்மென்ட். மனச்சோர்வை அளக்கற கேள்வித்தாள். இருபது வாக்கியம். 'இல்லவே இல்லை'ன்னா ஒண்ணு, 'எப்பவுமே'ன்னா அஞ்சு. கூட்டி வர்ற தொகை எவ்வளவு பெருசோ, சோர்வும் அவ்வளவு பெருசு. முப்பது பேர்கிட்ட வாங்கணும். ரெண்டு பேர் வீட்டுலயே கிடைச்சாங்க.

"நூத்துக்கு அம்மா எண்பத்திநாலு. நீங்க முப்பத்தொண்ணு."

"நான் ஃபெயிலா?"

"இதுல ஜாஸ்தி வாங்கினாதான்பா மோசம்! அம்மா உள்ளுக்குள்ள நொறுங்கிப் போயிருக்காங்க. நீங்க ஜம்முனு இருக்கீங்க."

தையல் மிஷினை நிறுத்திட்டு அம்மா தலையைத் தூக்கினாங்க. "எனக்கென்னடி? கல்லு மாதிரி இருக்கேன்."

"பார்த்தீங்களா? மறைக்கறாங்க. இதுக்குன்னு தனியா ஒரு பாடமே இருக்கு."

"இருமினாக்கூட அதுக்கொரு பாடம் வச்சிருப்ப போல!"

மகள் விடறதா இல்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாள் பூரா ஊரை மேல ஏத்தி இறக்கிட்டு, வீட்டுக்கு வந்து சோஃபாவுல விழுந்தார்னா எழுந்திருக்க மாட்டார். பேச்சும் கிடையாது.

"இந்த வீட்டுல என்னைக்காவது ஒரு தட்டு கழுவியிருக்கீங்களாப்பா? அம்மா தேய்ஞ்சு போறாங்க, நீங்க டிவி பார்க்கறீங்க. முப்பத்தொண்ணாம் முப்பத்தொண்ணு! வெட்கமா இல்ல?"

அப்பா டிவியிலிருந்து மகள் பக்கம் திரும்பினார்.

"சரியா கூட்டினியாம்மா?"

"ரெண்டு தடவை."

"எண்பத்திநாலா?"

"எண்பத்திநாலு."

அப்பா டிவியை அணைச்சார்.

மறுநாள் காலையில அஞ்சரைக்கு சமையல்கட்டுல பாத்திரம் உருண்டுது. அம்மா பதறி ஓடிப் பார்த்தா, அப்பா டீ போட்டுக்கிட்டிருக்கார்.

"என்னங்க, வேலை போயிருச்சா?"

"இல்ல. நீ உட்காரு."

அன்னையில இருந்து பாத்திரம் அப்பா, துணி காயப்போடறது அப்பா, தைச்ச துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கறதும் அப்பா. சாயங்காலமானா, "வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்"னு அம்மாவை வெளிய கூட்டிட்டுப் போறதும் அவர்தான்.

பத்து நாள் கழிச்சு அம்மா மகள் காதுல கிசுகிசுத்தாங்க. "அந்தக் கேள்வித்தாள் இன்னொண்ணு இருக்காடி? பக்கத்து வீட்டுக்காரி கேக்கறா. அவ புருஷனுக்கு வேணுமாம்."

மகளுக்குத் தலைகால் புரியலை. படிப்பு முடியறதுக்கு முன்னாடியே ஒரு குடும்பத்தைக் காப்பாத்தியாச்சு!

மறுநாள் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சார் அசைன்மென்ட்டைத் தூக்கி மேஜையில போட்டார்.

"புதுசா கல்யாணமான பொண்ணு சோகத்துல இருக்கா. பரீட்சையில ஃபெயிலானவன் ஆனந்தத்துல மிதக்கறான். உனக்கே சந்தேகம் வரலை?"

"வந்துச்சு சார். கல்யாணம்தானேன்னு விட்டுட்டேன்."

"இருபதுல பத்து வாக்கியம் நல்ல விதமா இருக்கும். 'காலையில உற்சாகமா எழுந்திருக்கேன்'ங்கற மாதிரி. அந்தப் பத்துக்கு மட்டும் மார்க்கைத் திருப்பிப் போடணும். அஞ்சு போட்டிருந்தா ஒண்ணு, ஒண்ணு போட்டிருந்தா அஞ்சு. நீ அதை விட்டுட்டு மத்த பத்தைத் திருப்பியிருக்க. முப்பது பேரும் தலைகீழா தொங்கறாங்க!"

"இப்போ என்ன சார் பண்றது?"

"ஒவ்வொரு தொகையையும் நூத்தி இருபதுல இருந்து கழி. உண்மை வந்துரும். நாளைக்குத் திருத்திக் கொடுக்கலேன்னா முட்டைதான்."

மகள் வராண்டாவுல நின்னுக்கிட்டே முதல்ல வீட்டுக் கணக்கைக் கழிச்சா.

அம்மா முப்பத்தாறு.

அப்பா எண்பத்தொன்பது.

இன்னொரு தடவை கழிச்சா. எண்பத்தொன்பதுதான். முப்பது பேர்ல அதுதான் பெருசு.

அடுத்த வகுப்புக்குப் போகலை. நேரா வீட்டுக்கு வந்தா. அன்னைக்கு அப்பாவுக்கு லீவு. அம்மாவோட புடவையை இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தார்.

"அப்பா, நான் போட்ட கணக்கு தப்பு. அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லை. அவங்க நல்லா இருக்காங்க."

"நிஜமாவா?" இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வச்சார். முகம் அப்படியே தெளிஞ்சுது. "அப்பாடா!"

"எண்பத்தொன்பது நீங்கப்பா."

அப்பா புடவை மடிப்பை நீவி விட்டார்.

"நீங்க என்ன எழுதினீங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல? அன்னைக்கு அவ்வளவு திட்டினேனே, 'உன் கணக்கு தப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"தப்புன்னு எனக்கெப்படிம்மா தெரியும்? படிக்கறவ நீ"ன்னார் அப்பா. "நான் படற பாட்டுக்கே முப்பத்தொண்ணுதான்னா, எண்பத்திநாலு வாங்கினவ எப்படித் தாங்கறாளோன்னு பயந்துட்டேன்."